காட்டைக் கேட்காமல் தொடாதே

கோபிசெட்டிபாளையம்
13 ஜூன் 2024

ரசாக் அண்ணாவுக்கு,

கோமளா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை வந்தீர்கள், தேக்குத் தோப்புக்குள் போனீர்கள், வெளியே வந்தீர்கள், நேரே போய் பஸ் ஏறிவிட்டீர்கள். “ஏனுங்ணா, காப்பி வெச்சிருக்கறனுங்க, குடிச்சுப்போட்டுப் போங்க” என்று நான் வாசலில் நின்று கத்தியது அக்கம்பக்கம் எல்லாருக்கும் கேட்டது. உங்களுக்குக் கேட்கவில்லையா, கேட்காத மாதிரி போனீர்களா என்று தெரியவில்லை. போனில் பேசலாமென்றால் நான் சொல்வதில் பாதிதான் உங்கள் காதுக்குப் போகும். மீதியை நஃபீசா அக்கா வாங்கி, காரத்தையெல்லாம் எடுத்துவிட்டு, உங்களிடம் இனிப்பாகச் சொல்லிவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆமாம், வடக்கு ஓரத்து வரிசையை வெட்டினேன். ஒளித்துச் செய்யவில்லை, வியாபாரியை அழைத்து வந்து பட்டப்பகலில்தான் வெட்டினேன். பக்கத்துத் தோட்டம் லட்சுமணசாமியின் வாழையைக் காட்டுப்பன்றி கிளறிப் போட்டுவிட்டது. பகலெல்லாம் அவை நம் தோப்பில்தான் படுத்துக் கிடக்கின்றன என்கிறார். உண்மையாகவும் இருக்கலாம். முழங்கால் உயரத்துக்குச் சருகு, புதர். அவர் வரப்பில் நின்றுகொண்டு என்ன சொன்னார் தெரியுமா? “ஆம்பளை இல்லாத பூமிங்க அம்மணி, இப்படித்தான் காடாப் போயிரும். உங்களைக் குத்தஞ் சொல்லி என்னங்க பண்றது?” அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஹர்ஷிணி அப்பா போன பிறகு இந்தத் தோட்டத்தில் ஒரு பாத்தி தரிசாகக் கிடந்ததில்லை. அத்தனையும் அவர் கண்ணில் படவில்லை, இந்தச் சருகு மட்டும் பட்டிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் பூமியைச் சும்மா போடுவது என்றால் வீட்டில் பெரியவர்களுக்குச் சோறு போடாத மாதிரி. மரமும் எனக்கு வெள்ளாமைதான். வைத்தோம், வளர்ந்தது, இனி அறுத்து வீடு சேர்க்க வேண்டியது. மீதியையும் ஐப்பசி மழைக்கு முன்னால் இறக்கிவிட்டுத் தென்னை வைக்கலாமென்று இருக்கிறேன். ஓரத்து வரிசைக்கு வியாபாரி ஒன்றும் கேட்கவில்லை. மீதிக்கு, பட்டா நம் இரண்டு பேர் பேரிலும் இருப்பதால் உங்கள் கையெழுத்தும் வேண்டுமென்கிறார். அதைப் போட்டு அனுப்புங்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். காலமெல்லாம் மரம் அறுத்தவர் நீங்கள். நாலு தேக்கு விழுந்ததற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் ஊரில் என்ன சொல்வார்கள்? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம்.

கோமளா

*

கோட்டைமேடு, கோயமுத்தூர்
21 ஜூன் 2024

தங்கை கோமளாவுக்கு,

ஓநாய் எழுதும் கடிதம்.

இங்கே நஃபீசாவும் நானும் நலம். நீங்கள் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் அறுவை மெஷின் பக்கத்தில் நின்ற காது இது. அதில் யார் என்ன சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஆனால் கேட்டிருந்தாலும் அன்று உட்கார்ந்திருக்க மாட்டேன். உட்கார்ந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது. கிருஷ்ணன் இல்லாத வீட்டில் குரலை உயர்த்திவிட்டு வரக்கூடாது.

வெட்டிய அடிக்கட்டையைக் குனிந்து பார்த்தேன். நடுவில் வைரம் உள்ளங்கை அகலம்தான் பாய்ந்திருக்கிறது. சுற்றிலும் வெள்ளைக் கட்டை. கதவுக்கும் ஆகாது, கட்டிலுக்கும் ஆகாது. எடுத்துப் போனவர் சென்ட்ரிங் பலகைக்குத்தான் போட்டிருப்பார். நீங்கள் வெள்ளாமை என்கிறீர்கள். சரி, வெள்ளாமை என்றே வைத்துக்கொள்வோம். பால் பிடிக்காத கதிரை யாராவது அறுப்பார்களா?

இது எனக்குள் இருக்கும் வியாபாரி சொல்வது. இனி சொல்வதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

எங்கள் அத்தா மரக்கடை வைத்திருந்தார். அவருடைய அத்தாவும் அதே தொழில்தான். கடை வாடகை, மெஷின் இருந்த இடம் குத்தகை, குடியிருக்கும் வீடு இன்றைக்கும் வாடகை. உங்கள் வீட்டில் பூமி என்பது தாத்தாவும் பாட்டனும் உட்கார்ந்திருந்த இடம். அது எங்கும் போகாது. அதன்மேல் மரம் வரும், போகும், சோளம் வரும், போகும். எங்களுக்கு அப்படி இல்லை. மூன்று தலைமுறையாக மரத்தைப் படுத்த கோலத்தில்தான் பார்த்திருக்கிறோம். லாரியில் படுத்து வரும், கடையில் படுத்துக் கிடக்கும், மெஷினில் படுத்தபடியே பலகையாகும். எங்கள் குடும்பத்துக்கென்று நின்ற மரம் அந்தத் தோப்பில்தான் நின்றது. சூலூரில் கிருஷ்ணன் தறி ஓட்டியபோது தறிக்கு மரச்சாமான் கொடுக்கப் போய்த்தான் பழக்கம். தறியை விற்றுவிட்டுக் கோபிசெட்டிபாளையத்தில் பூமி வாங்கும்போது, “வாடா ரசாக்கு, பாதி நீ போடு, தேக்கு வெப்போம்” என்றான். நீங்கள்தான் அன்று குழிக்குக் குழி தண்ணீர் ஊற்றினீர்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை வந்து நடுவில் நின்றுவிட்டுப் போவேன். வேறொன்றும் செய்ய மாட்டேன். அது எனக்குப் போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கிருஷ்ணன் உங்களிடம் ஒரு வார்த்தை சொன்னான். சொல்லிவிட்டதாக மறுநாள் என்னிடமும் சொன்னான். மரம் போனதைவிட, அந்த வார்த்தையை நீங்கள் காற்றில் விட்டதுதான் எனக்கு வலிக்கிறது. கையெழுத்து இப்போது போட முடியாது. மன்னிக்கவும்.

ரசாக்

*

கோபிசெட்டிபாளையம்
29 ஜூன் 2024

ரசாக் அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தில் ஓநாய் வரை சரி, மரம் படுத்தது வரை சரி. கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அவர் வார்த்தையை நான் காற்றில் விட்டேன் என்று, அதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் அவர் என்ன சொன்னார்? “காட்டை மட்டும் ரசாக்கைக் கேக்காமத் தொடாதே.” வீட்டில் தெலுங்கு பேசினாலும் காடு, வரப்பு, வாய்க்கால் எல்லாம் எங்களுக்குத் தமிழில்தான் வரும். இந்த வார்த்தைகளை அப்படியே சொன்னார். என் காதில் இன்னும் இருக்கிறது. நான் மீறினேனா? தோப்பை ஒட்டிக் கிழக்கே இருக்கிறதே நம் மானாவாரிக் காடு, அதை ஒரு வருஷமாவது உங்களைக் கேட்காமல் உழுதேனா? ஒவ்வோர் ஆடிக்கும் உங்களுக்குக் கார்டு போடவில்லையா? “அண்ணா, காட்டில் சோளம் போடட்டுங்களா, கொள்ளு விதைக்கட்டுங்களா?” நீங்களும் “உங்கள் இஷ்டம் தங்கை” என்று ஒவ்வொரு தடவையும் பதில் எழுதினீர்கள். பதில் வரத் தாமதமானால் டிராக்டர்காரனைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு வருஷம் அப்படிக் காத்திருந்ததில் நல்ல ஈரத்தைத் தவறவிட்டேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. அவர் சொன்னது, சொன்னதுதான் என்று இருந்தேன்.

எதற்கு ஒரு சோளக்காட்டுக்கு இத்தனை மரியாதை என்று ஹர்ஷிணி பெங்களூரிலிருந்து போனில் சிரிப்பாள். “உங்கப்பா சொல்லிட்டாருடி” என்பேன். இப்போது நீங்களே என்னைப் பார்த்து இப்படிக் கேட்கிறீர்கள்.

இந்த ஆடிக்கும் கேட்கிறேன். கோபமிருந்தாலும் பதில் எழுதுங்கள். சோளமா, கொள்ளா?

கோமளா

*

கோட்டைமேடு
10 ஜூலை 2024

தங்கை கோமளாவுக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் படித்தபோது ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் தடவை படித்தபோது கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். பிறகு நஃபீசாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது.

அம்மணி, உங்களுக்குக் காடு என்றால் சோளம் விதைக்கிற மேட்டுநிலம். மரம் இருப்பது தோப்பு. இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள், எனக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் மரக்கடைக்காரன் காதில் காடு என்று விழுந்தால் அது மரம் வருகிற இடம்தான். “காட்டை உன்னைக் கேக்காமத் தொடமாட்டா, கோமளாகிட்டச் சொல்லிட்டேன்” என்று கிருஷ்ணன் சொன்னபோது நான் தேக்கைத்தான் நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவே தோன்றவில்லை.

வருஷா வருஷம் உங்கள் கார்டு வரும்போது, ‘என்ன இது, சோளம் விதைப்பதற்கு எல்லாம் என்னைக் கேட்கிறார்களே, எவ்வளவு பெரிய மனசு’ என்று நினைத்துக்கொள்வேன். கொள்ளுக்கும் சோளத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியுமா? அதனால்தான் உங்கள் இஷ்டம் என்று எழுதினேன். நீங்கள் என் பதிலுக்காக டிராக்டரைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. அதற்கு நான் வெட்கப்படுகிறேன். வார்த்தையை மீறினீர்கள் என்று எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். என்னைவிட நீங்கள்தான் அதைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். இடம்தான் மாறிப்போச்சு.

ஆனால் ஒன்று. கிருஷ்ணன் சொன்னது எந்தக் காடு? உடம்பு அந்த நிலையில் இருந்தபோது ஒரு மனிதன் கொள்ளு விதைப்பதைப் பற்றியா கவலைப்பட்டிருப்பான்? உங்கள் முதல் கடிதத்திலேயே லட்சுமணசாமி “பூமி காடாப் போயிரும்” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது என்ன சோளக்காடா? உங்கள் ஊர் வாயிலும் மரம் அடர்ந்தால் காடு என்றுதானே வருகிறது?

யோசித்துப் பாருங்கள். நான் வாதாடவில்லை.

சோளம் போடுங்கள். இந்தத் தடவை யோசித்துத்தான் சொல்கிறேன், மாட்டுக்குத் தீனியாகச் சோளத்தட்டு கிடைக்கும் என்று நஃபீசா சொல்கிறாள்.

ரசாக்

*

கோபிசெட்டிபாளையம்
20 ஜூலை 2024

ரசாக் அண்ணாவுக்கு,

நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யோசித்தேன். அவர் ஏர் பிடித்த சம்சாரி வீட்டுப் பிள்ளை. அவர் வாயில் காடு என்றால் மேட்டுநிலம்தான். அதே சமயம் அவர் உங்களோடு பேசிப் பேசி உங்கள் பேச்சும் அவருக்குத் தொற்றியிருந்தது. பலகையைத் தட்டிப் பார்த்து மரத்தின் ஜாதி சொல்வார். அதனால் இதுவா அதுவா என்று என்னால் சொல்ல முடியவில்லை. போய்க் கேட்கவும் வழியில்லை.

அவர் போனபிறகு இந்தப் பூமியில் நான் நிமிர்ந்து நடந்ததே, அவர் சொன்னதைச் செய்கிறேன் என்ற நினைப்பில்தான். இப்போது அந்த நினைப்பும் ஆட்டம் கண்டுவிட்டது. தேக்கைக் கேட்காமல் வெட்டிவிட்டேனோ என்று ஒரு நாள் அழுகிறேன். இல்லை, சரியாகத்தான் செய்தேன் என்று மறுநாள் உங்கள்மேல் கோபம் வருகிறது. லட்சுமணசாமி வாழைக்குக் கம்பிவேலி போடப் பங்கு கேட்கிறார். வியாபாரி போன் மேல் போன் போடுகிறார். உங்கள் முடிவைச் சொல்லுங்கள். அவர் சொன்னதை இனி நடுவில் இழுக்க வேண்டாம். உங்களுக்கு என்ன வேண்டும், அதைச் சொல்லுங்கள்.

சோளம் விதைத்தாயிற்று.

கோமளா

*

கோட்டைமேடு
6 ஆகஸ்ட் 2024

தங்கை கோமளாவுக்கு,

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். மரம் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் தினமும் லட்சுமணசாமியின் முகத்தில் விழிப்பது நான் இல்லை, நீங்கள். பன்றி வந்தால் பதில் சொல்வது நீங்கள், சருகைக் கூட்டுவதும் நீங்கள். வருஷத்துக்கு ஒருநாள் வந்து நடுவில் நின்று பார்த்துவிட்டுப் போகிறவன், மீதி நாளெல்லாம் அங்கே இருக்கிறவளைத் தடுப்பது நியாயமில்லை. கிருஷ்ணன் எந்தக் காட்டைச் சொன்னான் என்பது தெரியாதபோது அவன் பேரைச் சொல்லி உங்கள் கையைக் கட்டவும் எனக்கு மனசு வரவில்லை. கையெழுத்துப் போட்ட தாளை இதனுடன் வைத்திருக்கிறேன்.

வெட்டுவதற்கு முன் ஒரே ஒரு உதவி. நஃபீசா அந்த மரங்களைப் பார்த்ததே இல்லை. ஒரு வருஷம் பிள்ளைகளுக்குப் பரீட்சை, ஒரு வருஷம் அவள் தாயாருக்கு உடம்பு சரியில்லை, அப்புறம் கொரோனா. ‘இன்னும் கொஞ்சம் வளரட்டும், அப்புறம் காட்டறேன்’ என்று நானும் தள்ளிப்போட்டேன். ஒருநாள் கூட்டி வருகிறேன். பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். அதற்குப் பிறகு நீங்கள் வியாபாரியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

ரசாக்

*

கோபிசெட்டிபாளையம்
24 செப்டம்பர் 2024

ரசாக் அண்ணாவுக்கு,

நீங்களும் அக்காவும் நல்லபடியாக வீடு சேர்ந்தது தெரிந்தது. அக்கா இனிப்பாக வறுத்துக் கொடுத்துவிட்டுப் போன ஓட்டுமாவு தீர்ந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று நடந்த ஒன்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே என்னிடம் ஏதாவது சொல்லியிருப்பீர்கள்.

நீங்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தீர்கள். இது இன்ன வருஷம் வைத்தது, அது பட்டுப்போய் மறுபடி வைத்தது என்று மரங்களைக் காட்டிக்கொண்டே போனீர்கள். நானும் அக்காவும் பின்னால் வந்தோம். தேக்குப்பூ பொடிப்பொடியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா முக்காட்டிலெல்லாம் பூ. கொஞ்ச தூரம் வந்ததும் கால் வலிக்கிறது என்று வளைந்த மரம் ஒன்றின் அடியில் சாய்ந்து உட்கார்ந்தார். மேலே பார்த்தார், சுற்றிப் பார்த்தார். பிறகு உங்கள் முதுகைப் பார்த்து, மெதுவாக, “ஏங்க, இதெல்லாம் நம்மளுதுங்களா?” என்று கேட்டார்.

உங்களுக்குக் கேட்கவில்லை. நீங்கள் போய்க்கொண்டே இருந்தீர்கள்.

அக்கா மறுபடி கேட்கவில்லை. கேட்டதே தப்போ என்கிற மாதிரி பூவைத் தட்டிவிட்டுக்கொண்டார். எனக்கு என்னமோ போலாகிவிட்டது. எங்கள் வீட்டில் பிறந்த பெண்ணுக்குப் பூமியைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி வாயில் வருமா? வராது. நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தெரிந்ததுகூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, “ஆமாங்க்கா, நம்மளுதுதானுங்க” என்றேன்.

அவர் எந்தக் காட்டைச் சொன்னார் என்று தெரியாமல் இரண்டு பேரும் இத்தனை மாதம் மல்லுக்கு நின்றோம். நான் சொன்ன வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியும் அண்ணா. சொல்லிவிட்டு வெட்ட முடியாது. வியாபாரியிடம் இல்லையென்று சொல்லிவிட்டேன்.

ஆனால் உங்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். நின்ற மரமென்று ஆசைப்பட்டு ஒன்றைக்கூட எடுக்கவிடாமல் வைத்திருக்கிறீர்கள், அதனால்தான் வைரம் பாயவில்லை. நெருக்கி விழுந்த சோளத்தைக் கலைத்துவிடாமல் இருந்தால் எந்தத் தட்டிலும் கதிர் பிடிக்காது, வெறும் மாட்டுத் தீனிதான் மிஞ்சும். மரத்துக்கு வேறு நியாயமா? தை மாதம் வாருங்கள். வளைந்ததையும் நோஞ்சானையும் நீங்களே பார்த்துக் குறி போடுங்கள். அதை மட்டும் எடுப்போம், மற்றது நிற்கட்டும். உங்கள் கையெழுத்து அதற்கு உதவும், அதனால் திருப்பி அனுப்பவில்லை.

லட்சுமணசாமி வரப்போரம் மட்டும் புதரை ஒழுங்காகச் செதுக்கிவிட்டேன், வேலிக்கும் பங்கு தருவதாகச் சொல்லிவிட்டேன். “மீதி அப்படியே காடாக் கெடக்குதுங்களே அம்மணி” என்றார். “ஆமாங்க, அதுக்குத்தானுங்க வெச்சோம்” என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

கோமளா

*

கோட்டைமேடு
29 ஜனவரி 2025

தங்கை கோமளாவுக்கு,

பொங்கலுக்குப் பிறகு வந்து உங்களோடு மூன்று நாள் அந்த மரங்களுக்குள் சுற்றியது உடம்புக்கு வலி, மனசுக்கு நல்லது. கூலிக்காரர்கள் கவனமானவர்கள். வெட்டிய மரம் நின்ற மரத்தின்மேல் சாயாமல் இறக்கினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம்.

உங்கள் செப்டம்பர் கடிதத்துக்கு நான் இதுவரை சரியாகப் பதில் எழுதவில்லை. எழுத உட்காருவேன், முடியாது. நஃபீசா அப்படிக் கேட்டது எனக்குத் தெரியும் என்று அவளிடம் நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்து வந்த நாளிலிருந்து பக்கத்து வீட்டு உம்மல் குல்சுமிடம் பேசும்போது, “எங்க மரத்துல இப்ப பூ முடிஞ்சிருக்கும்”, “எங்க மரத்துக்கு மழை பத்தாது” என்கிறாள். அவள் வாயசைவைப் பார்த்தே எனக்கு அது தெரிந்துவிடும். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் ‘எங்க’ என்று சொல்லி நான் பார்த்தது பிள்ளைகளை மட்டும்தான்.

குறி போட்டது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? எத்தனையோ ஆயிரம் மரத்தில் யோசிக்காமல் குறி போட்ட கை. இங்கே ஒவ்வொன்றின்முன்னும் நின்றேன். நீங்கள் பின்னாலிருந்து, “போடுங்கண்ணா, பயிரைக் கலைக்கறப்ப பாவம் பார்க்கக் கூடாதுங்க” என்று என் தோளைத் தட்டித் தட்டித்தான் வேலை முடிந்தது. வளைந்தது, கணு விழுந்தது, பூச்சி துளைத்தது எல்லாவற்றிலும் போட்டேன். நீங்கள் சொன்னது சரி. இப்போது மரத்துக்கு மரம் வானம் தெரியும்.

கூலிக்காரர்கள் ஒரு மரத்தை விட்டுவிட்டார்கள், நன்றாக வளைந்த மரம், குறி போட மறந்துவிட்டீர்களா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். வியாபாரி கணக்கில் முதலில் வெட்ட வேண்டியது அதுதான். விறகுக்குக்கூட லாயக்கில்லை. பக்கத்திலிருக்கும் இரண்டு நல்ல மரத்தையும் அது வளரவிடாது. வயசாகிவிட்டது, கண்ணில் படவில்லை என்று எழுதலாமென்றுதான் தாளை எடுத்தேன்.

உங்களிடம் பொய் சொல்ல வேண்டாம். மறக்கவில்லை. நஃபீசா உட்கார்ந்தது அதனடியில்தான்.

ரசாக்